மலைக்கா, தண்ணீருக்கா

நிஸ்வா
9.4.96

என் வேம்புக்கு உத்திராபதி எழுதுவது. நானும் உன் தம்பி நீலமேகமும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றியதா?

இந்த மாதக் கடைசியில் பக்ரீத் வருகிறது. கம்பெனியில் நான்கு நாள் லீவு. ஓமானுக்கு வந்து இரண்டு வருஷத்தில் நான் கண்டது தார்ப் பீப்பாயும் ரோடு உருளையும்தான். நீலமேகம் ஓட்டுகிற கம்பெனி பிக்கப்பை லீவில் எடுத்துக்கொள்ள ஃபோர்மேன் சரி என்றுவிட்டார். எங்கே போவது என்பதில்தான் பத்து நாளாக ரூமில் பஞ்சாயத்து நடக்கிறது.

ஒன்று ஜெபல் ஷம்ஸ். சூரிய மலை என்று அர்த்தமாம். உச்சிக்குப் போனால் பூமி இரண்டாகப் பிளந்து கிடக்கும், எட்டிப் பார்த்தால் அடியில் உள்ள பேரீச்ச மரம் நாற்றங்கால் மாதிரித் தெரியும் என்று ஹாஜா மைதீன் பாய் சொல்கிறார். எங்கள் ரூமுக்குச் சமைக்கிறவர், பாபநாசத்துக்காரர். இன்னொன்று ஒரு பள்ளத்தாக்கு. வாதி என்கிறார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, நடுவே காய்ந்த ஆறு. உள்ளே போகப் போகப் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்குமாம்.

உன் தம்பி தண்ணீர் என்கிறான். நான் மலை என்கிறேன். தண்ணீரைத்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறோமே, பிளந்த பூமியை வேறு எங்கே பார்ப்பது? கடைசியில், “எம் பொண்டாட்டியக் கேட்டு எழுதுறேன், அவ சொல்றதுதான் தீர்ப்பு” என்று சொல்லிவிட்டேன். ரூமே சிரிக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

பண்ணை ஏஜெண்ட் வைத்தியலிங்கம் வந்தால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. ஆறு மா நிலத்துக்கும் குத்தகைப் பதிவு என் பேரில் இருக்கிறது. அதை யாரும் அசைக்க முடியாது.

மற்றபடி உன் நினைவாகவே இருக்கும்
உத்திராபதி


குடவாசல்
19.4.96

அன்புள்ள மாமாவுக்கு வேம்பு எழுதிக்கொண்டது. இங்கே நானும் அத்தையும் நல்லபடி இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். அத்தைக்கு வீக்கம் வற்றிவிட்டது, கோபம்தான் வற்றவில்லை. மகன் கடிதத்தில் தன் பேச்சு ஒரே வரி என்று சொல்லிக் காட்டுகிறார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். பாறையைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? எட்டிப் பார்க்கிற இடமெல்லாம் வேண்டாம். தண்ணீர் இருக்கிற இடத்துக்கே போங்கள். நம் ஆற்றில் மணல்தான் கிடக்கிறது. புதுத் தண்ணீர் வருகிறது என்றால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்குகிறவர் நீங்கள். இரண்டு வருஷமாக அது இல்லை. அங்கேயாவது காலை நனைத்துக்கொண்டு வாருங்கள். தம்பி கட்சி ஜெயித்துவிட்டது என்று அவனிடம் சொல்லுங்கள்.

இங்கே தேர்தல். சுவர் பாக்கி இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் குத்தகைக்காரர் பக்கம்தான் நாங்கள் என்று பேசிவிட்டு, ஏஜெண்ட் வீட்டில் போய்க் காப்பி குடிக்கிறார்கள்.

வெயிலில் தலைக்குத் துண்டு இல்லாமல் போகாதீர்கள்.

இப்படிக்கு
வேம்பு


நிஸ்வா
20.5.96

அன்பு அக்காவுக்கு நீலமேகம் எழுதுவது. உன்னை நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மச்சான் உடலோடு நான் வந்திருக்க வேண்டும். கம்பெனி வண்டியும் வெள்ளத்தில் போனதால், அந்த விசாரணை முடிகிற வரை பாஸ்போர்ட்டைத் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். காரியத்துக்கும் வர முடியாமல் போய்விட்டது. மாமி கொள்ளி வைக்க ஆள் தேடினார்கள் என்று அம்மா எழுதினாள். இங்கே உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கு போனில் மாமியிடம் சொன்னதைத்தான் உனக்கும் எழுதுகிறேன். லீவுக்கு முந்தின வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. மச்சான் நாலு தடவை வாசித்தார். “பாருடா, ஒங்க அக்கா ஓட்டு ஒனக்கு விழுந்துட்டு” என்று சிரித்தார். அதுவரை மலை, மலை என்று நின்றவர், உன் சொல்லுக்காகத் தண்ணீருக்கு வந்தார். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

அங்கே மழை ஒரு சொட்டு இல்லை. எங்கேயோ மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிட்டது. மச்சான் ஆற்றுக்குள் நின்றார். நான் கரையில் இருந்தேன். அவ்வளவுதான் அக்கா.

உன்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. நல்லது நினைத்துத்தானே எழுதினாய்? விதி.

உன் தம்பி
நீலமேகம்


குடவாசல்
14.6.96

தம்பி நீலமேகத்துக்கு அக்கா எழுதிக்கொண்டது. நீ வேளைக்குச் சாப்பிடு. நான் இருக்கிறேன்.

நீ அன்றைக்கு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தபோது அத்தைதான் பேசினார்கள். போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு அப்புறம் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார்கள். தட்டை அவர்களே கழுவிக்கொள்கிறார்கள்.

ஆட்சி மாறிவிட்டது. குத்தகைப் பதிவில் பேர் மாற்ற மனு போடச் சொல்லி விவசாயச் சங்கத்தில் சொன்னார்கள். பிள்ளை இல்லாததால் வாரிசு நானும் அத்தையும்தான். அத்தை கைநாட்டு வைத்தால் என் பேருக்கு மாறும். கேட்கப் போனதற்கு, என்னிடம் பேசாமல் சுவரிடம் சொன்னார்கள். “எம் மவன தண்ணிக்கு அனுப்புனவ பேருல எம் மவன் நெலமா.” ஏஜெண்ட் தினம் வந்து அத்தை பக்கத்தில் உட்காருகிறார். அத்தை ரேகை மாறி விழுந்தால் நிலம் பண்ணைக்குப் போய்விடும். இந்த வீட்டில் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

அவர்கள் சொல்வதும் சரிதான். நான்தானே எழுதினேன். கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் சிரித்தார் என்று எழுதியிருந்தாய். எங்கே உட்கார்ந்து வாசித்தார்? வேறு என்ன சொன்னார்? ஒன்று விடாமல் எழுது.

அக்கா
வேம்பு


நிஸ்வா
8.7.96

அன்பு அக்காவுக்கு உன் தம்பி. இங்கே சூடு தாங்கவில்லை, மற்றபடி குறைவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மச்சான் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாசித்தார். “வேம்பு சொன்னா மாத்துப் பேச்சு இல்ல” என்றார். நீ நன்றாக எழுதப் பழகிவிட்டாய் என்று என்னிடம் பெருமைப்பட்டார். இதற்கு மேல் கேட்காதே அக்கா. எனக்கும் ராத்தூக்கம் இல்லை.

நில விஷயம். தனிப் பொம்பிளை நீ எப்படிச் சாகுபடி பார்ப்பாய்? மாமியை எதிர்த்துக்கொண்டு அந்த வீட்டில் எத்தனை நாள் இருப்பாய்? ஏஜெண்ட் கேட்கிறபடி விட்டுக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் போய்விடு. நான் இருக்கிறேன் உனக்கு.

அன்புடன்
நீலமேகம்


நிஸ்வா
22.7.96

சகோதரி வேம்பு அவர்களுக்கு ஹாஜா மைதீன் எழுதிக்கொள்வது. அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தர வேண்டும். நாங்கள் இங்கே நலம்.

ஊருக்கு வருகிற மீரா உசேன் கையில் தம்பி உத்திராபதியின் பெட்டியைக் கொடுத்து விடுகிறேன். நாலு சட்டை, வாட்ச், உங்களுக்கென்று வாங்கி வைத்த சேலை ஒன்று. கூட ஒரு உறை இருக்கிறது. நீங்கள் அவருக்கு எழுதியது. கம்பெனி தபால் பெட்டிக்கு மே மாதம் நாலாம் தேதிதான் வந்தது. அவர் போய் ஆறு நாள் ஆகிவிட்டது. யாரும் பிரிக்கவில்லை. இனி எதற்கு, கிழித்துப் போடுங்கள் என்று நீலமேகம் சொன்னான். பொண்டாட்டி புருஷனுக்கு எழுதியதைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. திருப்பிச் சேர்ப்பதுதான் முறை.

பெருநாள் தொழுகைக்காக நான் அவர்களோடு போகவில்லை. கிளம்பும்போது மலையில் குளிரும் என்று என் கம்பளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மலைக்குப் போகிறோம் பாய் என்று கை காட்டியதுதான் கடைசி. வழியில் ஏன் மாறினார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

உங்களுக்காக துஆ செய்யும்
ஹாஜா மைதீன்


குடவாசல்
9.8.96

தம்பி நீலமேகத்துக்கு அக்கா எழுதிக்கொண்டது. சௌக்கியமா? ஒழுங்காகத் தூங்கு.

பெட்டி வந்து சேர்ந்தது. பாய்க்குச் சொல்லிவிடு.

எனக்கு மூன்றே மூன்று சொல்லு. என் கடிதம் என்றைக்கு வந்தது? கிளம்பும்போது எங்கே போகிறோம் என்று சொல்லிக் கிளம்பினீர்கள்? கம்பளி எடுத்துப் போனாரா?

அக்கா
வேம்பு


நிஸ்வா
1.9.96

அன்பு அக்காவுக்கு நீலமேகம். உன் கடிதம் கிடைத்தது. நலம்.

உன் கடிதம் வந்தது வியாழக்கிழமை. முன்னாலேயே எழுதினேனே? தண்ணீருக்கு என்று சொல்லித்தான் கிளம்பினோம். அந்த வெயிலில் கம்பளி எதற்கு? பாய்க்கு வயசாகிவிட்டது, ஒன்றைச் சொன்னால் ஒன்றை நினைத்துக்கொள்கிறார். அவர் பேச்சை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. தை மாதம் வருகிறேன். பாபநாசத்தில் ஒரு பெண் பார்த்திருக்கிறாள் அம்மா. பெயர் அகிலாண்டம். வருஷம் திரும்பாமல் கல்யாணமா என்று யோசித்தேன். பெண் வீட்டார் அவசரப்படுகிறார்கள். நடந்ததை விடு அக்கா. இருக்கிறவர்கள் இருக்க வேண்டாமா?

நீலமேகம்


குடவாசல்
15.9.96

நீலமேகத்துக்கு வேம்பு எழுதிக்கொண்டது. நீ நலமாக இருப்பாய்.

பாய் சொல்லி நான் குழம்பவில்லை. அவர் என்ன சொன்னார் என்று உனக்கு நான் எழுதவே இல்லையே.

என் உறை என்னிடம் வந்துவிட்டது. நான் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தேன், அது காய்ந்து அப்படியே இருந்தது. நான் புருஷனுக்கு எழுதிய கடிதத்தை நானே பிரித்து நானே வாசித்தேன். இந்தக் கொடுமை யாருக்கு வரும்?

தண்ணீருக்குத்தான் போகச் சொல்லியிருந்தேன். நீ அதைப் பார்க்கவே இல்லை. இட்டுக்கட்டிச் சொன்னாய். நீ இட்டுக்கட்டியதும் நான் எழுதியதும் ஒன்றாகப் பொருந்திவிட்டது. அதனால்தான் ஒரு சந்தேகமும் இல்லாமல் உன்னை நம்பினேன். நான் எழுதினேன், அவர் போனார், செத்தார் என்று நாலரை மாதம் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார் என்று எழுதினாயே, அந்த வரியைத் தலைமாட்டில் வைத்திருந்தேன். எடுத்து எடுத்து வாசித்து மடிப்பே கிழிந்துவிட்டது. அந்தச் சிரிப்பையும் நீயே செய்திருக்கிறாய். என் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்று எழுத உனக்கு எப்படியடா கை வந்தது?

பிரிப்பதற்கு முன்னால் அத்தையிடம் உறையைக் காட்டினேன். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. “ஒங் கடுதாசி, நீயே ஒட்டிக்கிட்டு வந்து காட்டுற” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான்கு மாதத்தில் என்னைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர்கள் உன் வாயால் கேட்டதை உன் வாய்தான் மாற்ற முடியும். டிசம்பர் பதினாறாம் தேதி தாசில்தார் விசாரணை. ஏஜெண்ட் அத்தையைக் கூட்டிப்போக இப்போதே கார் பேசிவிட்டார்.

நடந்ததை எழுது. உன்னிடம் இனிமேல் கேட்க மாட்டேன்.

வேம்பு


நிஸ்வா
20.11.96

அக்காவுக்கு. இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதை நீ மட்டும் தனியாக வாசி.

நாங்கள் மலைக்குத்தான் கிளம்பினோம். லீவு நெருங்கியும் உன் கடிதம் வரவில்லை. “வேம்பு பதில் வரல, அதனால பெரியவன் சொல்லே தீர்ப்பு” என்று மச்சான் கிளம்பச் சொன்னார். மலை ஏறுகிற ரோடு மண் ரோடு. முந்தின மாதம் சாமான் இறக்க அதில் ஏறியபோது, பாதியில் வண்டி பின்னால் உருண்டது. பக்கத்தில் பாதாளம். எப்படியோ நிறுத்தி, இறங்கி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர் என்று பேர் வைத்துக்கொண்டு பயம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் முதலிலிருந்தே தண்ணீர், தண்ணீர் என்று நின்றேன். அன்றைக்கு ரோடு பிரிகிற இடத்தில், மேலே வழி அடைத்துவிட்டார்களாம் என்று பொய் சொல்லி வண்டியைத் திருப்பினேன். மச்சான் நம்பினார். “போவுது, அடுத்த லீவுல பாத்துக்கலாம்” என்றார்.

வாதியில் வண்டியை மணலில் நிறுத்திவிட்டுக் குளித்தோம். அப்புறம் மச்சான் ஏறி மேலே ஒரு பாறையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். நான் கீழே வண்டிப் பக்கம் நின்றேன். தூரத்தில் இரைச்சல் கேட்டது. வளைவில் நுரை தெரிந்தது, சருகு மிதந்து வந்தது. அக்கா, எனக்கு நம் ஆறுதான் ஞாபகம் வந்தது. நம் ஆற்றில் முதல் தண்ணீர் நடக்கிற வேகத்தில்தானே வரும்? நாம் அதற்கு முன்னால் நடந்து போவோம். நான் கத்தினேன். “மச்சான், புதுத் தண்ணி வருது, எறங்கி வாங்க.” அவர் சிரித்துக்கொண்டே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பின்னால் வந்தது நம் தண்ணீர் இல்லை. ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி, கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. பார்த்ததும் நான் பாறையில் ஏறிவிட்டேன். அவர் நிமிரவில்லை. கை நீட்டினால் எட்டுகிற தூரம் இருந்ததா என்று தினம் நினைத்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை. நான் நீட்டவில்லை.

போனில் மாமி, “அங்க கூட்டிட்டுப் போனது யாரு” என்று கேட்டார்கள். அக்கா எழுதினாள் என்று வாயில் வந்துவிட்டது. உன்னைக் கேட்டு எழுதியிருக்கிறார் என்பது ரூமுக்கே தெரியும், அதனால் வந்தது. நீ பெண்டாட்டி, உன்னை ஒருநாள் மன்னித்துவிடுவார்கள், என்னை மன்னிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் நீதானே அடி வாங்கினாய்?

இது வெளியே தெரிந்தால் பாபநாசத்துக்காரர்கள் பெண் தர மாட்டார்கள். யாரிடமும் சொல்லாதே அக்கா. காலில் விழுந்து கேட்கிறேன்.

நீலமேகம்


குடவாசல்
18.12.96

நீலமேகத்துக்கு வேம்பு எழுதிக்கொண்டது. உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது.

தனியாக வாசி என்று எழுதியிருந்தாய். ஒரு தடவை தனியாக வாசித்தேன். அப்புறம் அத்தை முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். ஐந்தாவது படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் வரும், உனக்குத் தெரியும். அரை மணி நேரம் ஆனது. ஒரு வரி விடவில்லை. யாரிடமும் சொல்லாதே, காலில் விழுந்து கேட்கிறேன் என்ற வரியையும் வாசித்தேன். பிறகு என் கடிதத்தையும் எடுத்து வாசித்தேன். “நானும் தண்ணிக்குத்தான் போவச் சொன்னேன் அத்த, அது அவுக கண்ணுல படல” என்றேன். மறைத்து வைத்து நிலம் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

அத்தை அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள். “மேலயா ஒக்காந்திருந்தான் எம் புள்ள?” ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “மேலதானே?” என்றார்கள்.

பதினாறாம் தேதி ஏஜெண்ட் காரோடு வந்தார். அத்தை அவரைப் பார்த்து, “பஸ்ஸு ஓடுதுல்ல” என்றார்கள். இரண்டு பேரும் ஒன்பதரை பஸ்ஸில் போனோம். தாசில்தார் ஆபீஸில் என் பேருக்கு நேரே அத்தை கைநாட்டு வைத்தார்கள். மையைத் துடைக்க என் முந்தானையைத்தான் இழுத்தார்கள். திரும்பி வரும்போதும் என்னிடம் பேசவில்லை. ஆனால் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தார்கள்.

நீ பயந்தது குற்றமில்லை. நம் தண்ணீர் என்று நினைத்துக் கூப்பிட்டதும் குற்றமில்லை. நானாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன், அவரும் இறங்கித்தான் வந்திருப்பார். ஓடினாய், அதையும் விட்டுவிடுகிறேன். உயிர் யாருக்கும் வெல்லம். நான் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு, அவர் என் எழுத்தை மெச்சினார் என்று பதில் எழுதினாய் பார், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நிலத்தை விட்டுவிட்டுப் போ என்றும் அதிலேயே எழுதினாய்.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பாபநாசத்துக்கும் ஒன்றும் போகாது. அந்தப் பெண் என்ன பாவம் செய்தது?

கல்யாணப் பத்திரிகை வந்தது. நீ தாலி கட்டும்போது மூன்றாம் முடிச்சு அக்காதான் போட வேண்டும். அறுத்தவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். சித்தப்பா மகள் யாராவது போடுவாள். அதனால் நான் வராததை மணவறையில் ஒருவரும் கேட்கப் போவதில்லை. துக்கத்தில் இருக்கிறாள், பாவம் என்பார்கள். ஏன் வரவில்லை என்று உனக்கு மட்டும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வேம்பு